மரம் தனக்காகச் சேர்த்து வைத்தது

உயிரோடு நிற்கும் ஒரு பெரிய மரத்தின் உடலில் பெரும்பகுதி எப்போதோ செத்துப்போனது. பட்டைக்கு உட்புறமாக இருக்கும் வெளிறிய வளையம் மட்டுமே வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்கிறது. அதற்கும் உள்ளே இருப்பது, தச்சர்கள் வைரம் என்று சொல்லும் நடுக்கட்டை. அது நீரைக் கடத்துவதில்லை, வளர்வதில்லை, காயம் பட்டால் ஆறுவதும் இல்லை. ஆனால் வெளி வளையத்தின் உயிரணுக்கள் முதுமையடைந்து வைரத்தோடு சேரும் தறுவாயில், தம்மிடம் சேமித்திருந்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் பிசினாகவும் எண்ணெயாகவும் சாயமாகவும் கசப்பாகவும் மாற்றி, சுற்றியுள்ள குழாய்களிலும் சுவர்களிலும் நிரப்பிவிட்டுத்தான் சாகின்றன. பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஒவ்வாத சரக்கு அது. நாம் காசு கொடுத்து வாங்கும் நிறம், மணம், எடை, வழவழப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்தச் சரக்கிலிருந்து வருவதுதான்.

நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய கடைசல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பேனாவும் சிமிழும் கடைபவன். பேனா கடைவதற்குச் சாண் நீளம்கூட இல்லாத துண்டு போதும் என்பதால், முழுப் பலகையாக வாங்க நினைத்தும் பார்க்க முடியாத அயல்நாட்டு மரங்களெல்லாம் துண்டுகளாக என் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. உலகின் மிகக் கடினமான மரம், மிக விலையுயர்ந்த மரம் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. இந்த மரத்துக்கு இந்தக் குணம் எதற்கு வந்தது என்று கேட்கும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

பெட்டியில் இருப்பவற்றில் மிகக் கனமானது லிக்னம் வைட்டே. கரீபியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் வளரும் குவாயகம் இனத்து மரங்களிலிருந்து வருவது. ஜமைக்காவின் தேசிய மலர் இதன் நீலப் பூதான். பஹாமாஸின் தேசிய மரமும் இதே இனத்தைச் சேர்ந்தது. பார்வைக்கு இது பெரிய மரம் அல்ல. மிக மெதுவாக வளர்வதால் பத்து மீட்டர் உயரத்தைத் தாண்டுவதே அரிது. தாவரவியல் வகைப்பாட்டில் இது நம் வயல் வரப்பில் காலைப் பதம் பார்க்கும் நெருஞ்சியின் குடும்பம் என்று படித்தபோது வியப்பாக இருந்தது. எதிரெதிராக அமைந்த சிறு கூட்டிலைகளையும் ஐந்து இதழ்ப் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு தெரிந்துவிடுகிறது.

நன்றாக உலர்ந்த பிறகும் இதன் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு இருப்பதால், வாளியில் போட்டால் நேராக அடிக்குப் போய்விடும். நார்கள் ஒரு அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் மறு பக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டிருப்பதால் ஆப்பு வைத்துப் பிளக்க முடியாது. ஆனால் இயந்திரத்தில் பொருத்திக் கூரான உளியை வைத்தால், இவ்வளவு கடினமான மரத்திலிருந்து எதிர்பார்க்கவே முடியாத வகையில், சுருள் மெழுகு போல நீண்டு வந்து விரலில் ஒட்டிக்கொள்கிறது. அறை முழுவதும் இனிய வாசம் பரவுகிறது. அன்று மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும் கட்டை, வெளிச்சம் படப்பட நாள்பட்டு ஆழ்ந்த பச்சையாக மாறுகிறது. பேனாவின் பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டவைப்பதுதான் பெரும்பாடு. பிசின் பசையை ஏற்றுக்கொள்வதில்லை. அசிட்டோனைத் தொட்டு உட்புறத்தைத் துடைத்து, அது உலர்ந்த கையோடு ஒட்டினால்தான் நிற்கும்.

ஒட்டவிடாத அந்தப் பிசினுக்காகத்தான் ஒரு காலத்தில் கப்பல்கட்டும் உலகமே இந்த மரத்தைத் தேடி அலைந்தது. நீராவிக் கப்பலின் சுழல்விசிறித் தண்டு, கப்பலின் பின்புறத்தில் நீருக்கடியில் ஒரு துளை வழியே வெளியே வருகிறது. அந்த இடத்தில் பித்தளைத் தாங்கிகளை வைத்துப் பார்த்தார்கள். கப்பலின் எடையிலும் அதிர்விலும் அவை வேகமாகத் தேய்ந்து, தண்டு ஆடத் தொடங்கி, நீர் உள்ளே வந்தது. இங்கிலாந்தின் ஜான் பென் என்ற பொறியாளர் 1854-இல் லிக்னம் வைட்டே பட்டைகளைச் சுற்றி வைத்து, இடையில் கடல்நீர் ஓட விடும் தாங்கியை உருவாக்கினார். மரம் தன் பிசினாலேயே தண்டுக்கு உயவு கொடுத்தது, நீர் சூட்டைத் தணித்தது, வெளியிலிருந்து எண்ணெய் ஊற்ற வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக வணிகக் கப்பல்களும் போர்க்கப்பல்களும் இந்தச் சிறு மரத்தின் மேல் தண்டை ஓட்டின. அணுசக்தியால் ஓடிய முதல் நீர்மூழ்கியான அமெரிக்காவின் நாட்டிலஸ் கப்பலிலும் இந்த மரத்தாங்கிகள் இருந்தன. அணு உலைக்குத் தேவையானதையெல்லாம் செய்து முடித்தவர்களிடம், தண்டு சுழலும் இடத்துக்கு நெருஞ்சிக் குடும்பத்து மரத்தைவிடப் பொருத்தமான ஒன்று அன்று இருக்கவில்லை.

கப்பலுக்கு முன்பே கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தியவர் ஜான் ஹாரிசன். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் கடிகாரங்களுக்காகப் பின்னாளில் புகழ்பெற்ற அவர், அடிப்படையில் ஒரு தச்சர். 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த மசகெண்ணெய் நாளடைவில் தடித்துப் பிசுபிசுத்துக் கடிகாரத்தைத் தாமதிக்க வைக்கும். ஹாரிசன் எண்ணெயைத் திருத்த முயலாமல் எண்ணெயே வேண்டாம் என்று முடிவு செய்து, உராயும் இடங்களில் லிக்னம் வைட்டே துண்டுகளை வைத்தார். 1720-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிராக்கிள்ஸ்பி பார்க் மாளிகையின் குதிரை லாயத்துக்கு மேலே அவர் அமைத்த மரக்கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

அதற்கும் முன்னால் ஐரோப்பா இதை மருந்தாகத்தான் அறிந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேகநோய் பரவியபோது, நோய் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆகவே கடவுள் மருந்தையும் அங்கேயே வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் கப்பல் கப்பலாகக் கட்டைகளை இறக்கிச் சீவிக் கஷாயம் வைத்தார்கள். ஜெர்மானிய அறிஞர் உல்ரிக் ஃபான் ஹுட்டன் தாம் இந்தக் கஷாயத்தால் குணமடைந்ததாக 1519-இல் ஒரு நூலே எழுதினார். 1523-இல் அந்த நோயே அவரைக் கொண்டுபோயிற்று. ஆனால் மருத்துவத்தில் இந்தப் பிசினுக்கு வேறொரு வேலை கிடைத்தது. குவாயகப் பிசின் தடவிய தாளில் மலத்தின் சிறு மாதிரியை வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டினால், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கலந்திருந்தாலும் தாள் நீலமாகிவிடும். குடற்புற்றுநோயை முன்கூட்டியே கண்டுகொள்ள உதவும் இந்தச் சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: காற்று பலமாக வீசும் நாள்களில் குச்சிகள் மேலிருந்து பறந்துவிடாதபடி நடுவர்கள் வைக்கும் கனமான பெயில்ஸ் சில சமயம் இந்த மரத்தில் செய்யப்படுவதுண்டு. கப்பல், கஷாயம், காவலர் தடி, புல்தரை உருள்பந்து என்று எல்லாவற்றுக்கும் வெட்டியதில் காடுகள் வெறுமையாகி, இப்போது குவாயகம் இனம் முழுவதும் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பர்ப்பிள்ஹார்ட். கயானா, சுரினாம், பிரேசில் காடுகளின் உயர்ந்த மரமான இது, புளியமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். பெயரை நம்பி வாங்கி அறுத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் புதிதாக அறுத்த முகம் மங்கலான பழுப்பாகத்தான் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகுதான் ஊதா ஏறத் தொடங்குகிறது. பெயர் எழுதிய காகித ஒட்டுநாடாவைச் சுற்றி நான் சன்னலோரம் வைத்திருந்த துண்டு சில நாள்களில் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. நாடாவை உரித்தபோது அதன் அகலத்துக்குப் பழைய பழுப்பு அப்படியே ஒரு பட்டையாக நின்றது. அதே வெளிச்சம் தொடர்ந்து பட்டால் ஊதாவும் மங்கிக் கரும்பழுப்பாகிவிடும். எந்த மெருகெண்ணெயும் இதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. ஊதா மேசை வேண்டும் என்று கேட்பவர்களிடம் வெயில் வராத அறை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வைரத்தின் சாயம் நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பது இன்னும் வினோதமான கதை. ஸ்பெயினின் செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ், மெக்சிகோவிலிருந்து சிறுநீரக மருந்தாக வந்த ஒரு மரத்தின் சீவல்களை நீரில் போட்டால் நீர் நீலமாகத் தெரிகிறது என்று 1565-இல் எழுதிவைத்தார். ஒளிர்வு என்று இயற்பியல் இன்று சொல்லும் நிகழ்ச்சியின் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் பாயில் அந்த நீரில் அமிலத்தைச் சேர்த்தால் நீலம் மறைவதையும் காரத்தைச் சேர்த்தால் அது திரும்புவதையும் கண்டார். அது எந்த மரம் என்பதில்தான் நீண்ட காலக் குழப்பம். மருந்தாக வந்தது ஐசன்ஹார்டியா என்ற மெக்சிகோச் சிறு மரம். சிறுநீரக மரம் என்ற அதே பெயரில் ஐரோப்பிய அரண்மனைகளை அடைந்த அழகிய குவளைகளோ பிலிப்பைன்ஸின் தேசிய மரமான நர்ராவில் கடைந்தவை. ஸ்பானியக் கப்பல்களின் வழித்தடத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தாவரவியலார் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள்.

நர்ராவின் நேரடி உடன்பிறப்பு நம் வேங்கை. நீரிழிவு உள்ளவர்கள் வேங்கைக் குவளையில் இரவு நீரை ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருக்கிறது. அதன் மருத்துவப் பலனைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அந்த நீரைக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேன் நிறமாகத் தெரியும். பிறகு குவளைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று பாருங்கள். ஓரங்களில் மெல்லிய நீலம் மிதக்கும். மொனார்தெஸ் பார்த்ததும் இதைத்தான். இதற்கு ஆய்வுக்கூடமோ அயல்நாட்டுக் கட்டையோ தேவையில்லை.

அதே வேங்கைக் குடும்பத்தின் இன்னொரு கிளைதான் செம்மரம். நாம் பர்ப்பிள்ஹார்ட்டை அயல்நாட்டு அரிய மரம் என்று பார்ப்பது போலவே சீனாவும் ஜப்பானும் இதைப் பார்க்கின்றன. சீனப் பேரரசர்களின் அரண்மனை அறைகலன்களுக்கும் ஜப்பானின் ஷமிசென் இசைக்கருவியின் கழுத்துக்கும் விரும்பப்பட்ட மரம். உலகத்திலேயே இது இயற்கையாக வளர்வது கடப்பை, சித்தூர், நெல்லூர் மலைகளை மையமாகக் கொண்ட கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான். வறண்ட பாறை மண்ணில் திணறி வளர்வதால்தான் வைரம் இவ்வளவு இறுகியிருக்கிறது என்பார்கள். நார் அலையலையாக நெளிந்திருக்கும் கட்டைக்கு, நேரான நார் உள்ளதைவிடப் பல மடங்கு விலை. அந்த விலைக்கும் அதை வெட்டப் போகிறவருக்குக் கிடைக்கும் கூலிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். செம்மரத்தைப் பற்றி எழுதும்போது அலைநெளிவின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சாயத்துக்காக வெட்டப்பட்ட மரம் இசைக்குப் பயன்பட்ட கதையும் உண்டு. 1500-இல் தென் அமெரிக்கக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் அங்கே கண்ட சிவப்புச் சாய மரத்தைத்தான் பிரேசில் என்று அழைத்தார்கள். நாட்டுக்கும் பிறகு அதே பெயர் வந்தது. கேரள உணவகங்களில் குடிநீரை இளஞ்சிவப்பாக்கும் பதிமுகக் கட்டையில் இருக்கும் பிரேசிலின் என்ற சாயப்பொருளே இதிலும் இருக்கிறது. ஐரோப்பாவின் துணிச் சாயப் பட்டறைகளுக்குப் போன அந்தக் கட்டைகளில் ஒன்றை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசின் பிரான்சுவா தூர்த் வயலின் வில்லாக வளைத்தார். இன்றுவரை தேர்ந்த வயலின் கலைஞர்கள் அதைவிட்டு வேறு மரத்துக்கு மனதார மாறவில்லை. அதிர்வை விழுங்கிவிடாமல் திருப்பித் தரும் அதன் குணத்தில், வைரத்துக்குள் ஊறிய அந்தச் சாயப்பொருளுக்கும் பங்கு உண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மரம் பூஞ்சைக்கு எதிராகச் சேர்த்தது வில்லின் நயமாகக் காதில் விழுகிறது.

இதுவரை சொன்ன மரங்களெல்லாம் முதுமையில் தாமாகவே சரக்கைச் சேர்ப்பவை. அகிலின் வழி வேறு. அஸ்ஸாமிலிருந்து இந்தோனேசியா வரை வளரும் இந்த மரம் நலமாக இருக்கும்வரை உள்ளே வெளிறிய, இலேசான, வாசமே இல்லாத கட்டைதான். அஸ்ஸாமில் அதன் பட்டையை உரித்துப் பதப்படுத்திச் சுவடி எழுதினார்களே தவிர, நோயில்லாத கட்டையை யாரும் தேடியதில்லை. தண்டைத் துளைக்கும் புழு ஒன்று வழி திறந்து, அந்தப் புண்ணில் பூஞ்சை குடியேறிய பிறகுதான் மரம் பதறிப்போய் அந்த இடத்தைச் சுற்றிக் கருமையான பிசினைக் கொட்டுகிறது. சங்கப் பாடல்களில் மகளிர் கூந்தலுக்கு ஊட்டிய புகையும், இன்று அரபு நாட்டு ஊத் அத்தரும் அந்தப் புண்ணிலிருந்து வந்தவையே. எந்த மரத்தில் புண் இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகத் தெரியாததால், காட்டில் பத்தை வெட்டி ஒன்றில் கண்டெடுத்தார்கள். இன்று தோட்டங்களில் வரிசையாக நட்டு, தண்டில் துளையிட்டு, பூஞ்சையையோ மருந்தையோ செலுத்தி நோயை வரவழைக்கிறார்கள்.

உயர்ந்த அகில் நீரில் மூழ்கும். தரம் பார்ப்பதற்குக் கிழக்காசியாவில் அதுவே பழைய சோதனை. ஜப்பானின் நாரா நகரில் தோடாய்ஜி கோயிலின் ஷோசோயின் கருவூலத்தில் ரஞ்சதாய் என்ற பெயருள்ள ஒரு அகில் கட்டை இருக்கிறது. நீளம் 156 செ.மீ., எடை 11.6 கிலோ. அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக்கொள்வதே ஆட்சியின் அடையாளமாக இருந்தது. 1574-இல் ஓடா நொபுனாகா வெட்டிய இடத்திலும் 1877-இல் மெய்ஜி பேரரசருக்காக வெட்டிய இடத்திலும் யாருடைய வெட்டு என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த விறகுக்கட்டைக்கும் இப்படி ஒரு வரலாற்றுக் குறிப்பேடு இருக்குமா என்று தெரியவில்லை!

வாசனைக்காக ஒரு மரவகையே அடியோடு போனதும் உண்டு. சிலி நாட்டுக்குச் சொந்தமான ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் சந்தனத்தின் ஒரு தனி வகை வளர்ந்தது. சந்தனம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வாழ்வது; சுற்றியிருக்கும் காடு போனால் அதற்கும் வாழ்வில்லை. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் 1908-இல் அங்கே உயிரோடு இருந்த ஒரே ஒரு மரத்தைப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு அந்த வகையை உயிரோடு பார்த்தவர் இல்லை.

இந்த வரிசையில் சேராத மரம் ஒன்று இருக்கிறது என்பதால்தான் வைரத்தைப் பற்றிய கணக்கு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பால்சா எதையும் சேர்த்து வைப்பதில்லை. இலவம்பஞ்சின் உறவான இந்த மரம், அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் விழும் இடைவெளியில் முளைத்து, மற்றவை தலையெடுப்பதற்குள் வளர்ந்து, பூத்து, பஞ்சோடு விதையைப் பறக்கவிட்டுவிட்டுச் சாய்ந்துவிடும். ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டும் பருவத்துக்கு வருகிறது. அந்திக்குமேல் விரியும் பெரிய பூக்களில் நிறையத் தேனை வைத்து வௌவால்களையும் கிங்கஜூ என்ற மரவாழ் விலங்கையும் வரவழைக்கிறது. இவ்வளவு அவசரத்தில் வாழும் மரம் பாதுகாப்புக்குச் செலவிடுவதில்லை. உயிரோடு இருக்கும்போது கட்டை முழுவதும் நீர். வெட்டி உடனே சூளையில் உலர்த்தாவிட்டால் அழுகிவிடும். உலர்ந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் காற்று. இருந்தும் அகன்ற இலைத் தாவர வகையைச் சேர்ந்தது என்பதால் தாவரவியல் இதையும் வன்மரம் என்றே வகைப்படுத்துகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. 1947-இல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பால்சாத் தெப்பத்தில் புறப்பட்டு 101 நாள்களில் பாலினேசியாவின் ரரோயா பவளத்தீவில் போய் மோதினார். நீர் ஊறி மூழ்கிவிடும் என்று பலரும் எச்சரித்த கட்டைகள் சாறு உலராத பச்சை மரமாக இருந்ததால் தாக்குப்பிடித்தன என்பது அவருடைய விளக்கம். இன்றைய பால்சாவின் பெரிய வாடிக்கை காற்றாலை. ஆலையின் நீண்ட இறக்கைகளுக்குள், கண்ணாடியிழை உறைகளுக்கு நடுவில், எடையேறாமல் விறைப்பைக் கொடுப்பது இந்த மரம். உலகுக்கு இதைப் பெருமளவில் வழங்குவது ஈக்வடார். 2020-ஐ ஒட்டிக் காற்றாலைகள் வேகமாகப் பெருகியபோது தோட்டங்களில் இருந்தது போதாமல், அமேசான் ஆற்றுத் தீவுகளில் பழங்குடி மக்களின் நிலங்களுக்குள் புகுந்து வெட்டினார்கள். தூய்மையான மின்சாரத்துக்காகக் காடு வெட்டப்பட்டது என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இடைவெளியில் மீண்டும் முளைப்பதே பால்சாவின் இயல்பு என்பதையும், அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களின் அமைதி அப்படி முளைப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இறக்கை செய்வோர் பலர் இப்போது நெகிழி நுரைக்கு மாறிவருகிறார்கள்.

கடைசியாகக் கருங்காலி. இலங்கையின் வறள்மண்டலக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் வகையே கறுப்பில் முதன்மையானது. இலங்கையில் அதை வெட்டி விற்பது இன்று சட்டப்படி தடை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஹோரஸ் வால்போல் தம் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்த கருங்காலி நாற்காலிகளை டியூடர் மன்னர்கள் காலத்து ஆங்கிலக் கைவேலை என்றே நம்பினார். அவை டியூடர் காலத்துக்குப் பிந்தி, 17ஆம் நூற்றாண்டில், நம் சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய வணிகர்களுக்காகச் செதுக்கப்பட்டவை என்பது பின்னால்தான் தெரியவந்தது. கருங்காலி மாலை அணிவது இப்போது பெருவழக்காகியிருக்கிறது; ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துப்போகும் மணிகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிடாரின் விரற்பலகைக்கும் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கும் இன்று போவது பெரும்பாலும் கேமரூனை ஒட்டிய ஆப்பிரிக்கக் கருங்காலி. பீடி சுற்றும் இலையைத் தரும் தெண்டு மரத்தின் இனம்தான் அதுவும். வைரம் மட்டுமே கறுப்பு, அதைச் சுற்றி வெளிறிய மரம். அந்த வைரமும் முழுக் கறுப்பா, சாம்பலும் பழுப்பும் ஓடிய வரிக்கறுப்பா என்பது வெட்டிய பிறகே தெரியும். 2011-இல் அமெரிக்காவின் டெய்லர் கிடார் நிறுவனமும் ஸ்பெயினின் மாதின்டர் நிறுவனமும் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் கிரெலிகாம் என்ற கருங்காலி ஆலையை வாங்கின. அதன் பிறகுதான், முழுக் கறுப்பாக ஒன்று கிடைப்பதற்குள் பத்து மரங்களை வெட்டுகிறார்கள் என்பதும், வரி ஓடியவற்றைச் சந்தையில் விலை போகாது என்று காட்டிலேயே விட்டுவருகிறார்கள் என்பதும் பாப் டெய்லருக்குத் தெரிந்தது. வரியுள்ள கட்டைகளையும் தம் கிடார்களில் வைத்து விற்கப்போவதாக அவர் அறிவித்தார். நாதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கடைந்து பார்த்தவன் என்ற முறையில் வரி ஓடிய கட்டைதான் எனக்கு அழகாகவும் படுகிறது. கறுப்பின் நடுவே வரும் அந்தப் பழுப்பு ரேகை மெருகேற்றிய பிறகு தனியாக மின்னும்.

அந்த ஆலையோடு இணைந்து 2016-இல் கேமரூனில் எபோனி திட்டம் என்ற ஆய்வும் நடவும் தொடங்கியது. வணிக வரலாறு இவ்வளவு நீண்ட ஒரு மரத்துக்கு எந்தப் பூச்சி மகரந்தம் சேர்க்கிறது, எந்த விலங்கு விதையைப் பரப்புகிறது என்ற அடிப்படைச் செய்திகளைத் தேடிப்போன அந்த ஆய்வாளர்கள், பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவது காட்டு யானை என்று கண்டார்கள். சாணத்துக்குள் கிடக்கும் விதையைக் கொறிவிலங்குகள் எளிதில் தீண்டுவதில்லை. வெறுமனே மரத்தடியில் விழுந்த விதைகளைத் தின்றுவிடுகின்றன. தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்ட காடுகளில் இளங்கருங்காலிகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதை 2025-இல் வெளியிட்டார்கள். பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கான தந்தமும் கறுப்புக் கட்டைகளுக்கான மரமும் ஒரே காட்டிலிருந்து போனவை என்பதை நினைத்தால் இந்தக் கணக்கு இன்னும் உறைக்கும். யானை இல்லாத இடங்களில் இப்போது அந்த வேலையை ஊர்மக்கள் செய்கிறார்கள். விதையைப் பொறுக்கி நாற்றுவிட்டுத் தங்கள் நிலங்களில் நடுகிறார்கள். கருங்காலி பருப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை கைக்கு வருமானம் இருக்கட்டும் என்று கூடவே பழமரக் கன்றுகளும் கொடுக்கப்படுகின்றன.